சாவி தொலைந்த ஞாயிறு

அய்யா உண்டு.

ஞாயிறுதோறும் தாங்கலில் தண்ணீர் எடுத்து வைப்பது, விளக்குத் துடைப்பது, அன்னதர்மம் முடிந்தபின் அண்டா கழுவிக் கவிழ்ப்பது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பணிவிடை. ஏட்டுக்கு விளக்கம் சொல்லும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. சாமிதோப்புக்குப் பக்கத்து ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, மாமா ஒருவரின் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கச் சென்னைக்கு வந்தவன். இன்று முகப்பேரில் எனக்கே ஒரு சின்னக் கடை இருக்கிறது. "இந்த மாத வெளியீட்டுக்கு நீங்களும் ஒன்று எழுதுங்கள், உங்கள் வீட்டில் நடந்ததையே எழுதுங்கள்" என்று தாங்கல் பெரியவர் சொன்னார். தட்ட முடியவில்லை. அதனால் வீட்டில் நடந்ததையே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பற்று நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். யார் வீட்டுக்கு எத்தனை கிலோ துவரம்பருப்பு போனது, எத்தனை லிட்டர் எண்ணெய் போனது என்று அப்போதைக்கப்போதே எழுதிவிடுவேன். அதில் கை மறக்காது. ஆனால் அவர்கள் பணம் கொடுத்துவிட்டுப் போனதை எழுத எத்தனையோ தடவை மறந்திருக்கிறேன். மாதக் கடைசியில் "அண்ணாச்சி, அன்னைக்கே குடுத்துட்டேனே" என்று அவர்கள் சொல்லும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. அய்யாவிடமும் நம்முடைய கணக்கு இப்படித்தான் நடக்கிறது. பால் பொங்கி வழிந்தது, மாவு அரைக்கும்போது கரண்ட் போனது, பேத்தியின் பள்ளிக்கூடப் பையில் சாம்பார் கொட்டியது, பாடி மேம்பாலத்தில் ஸ்கூட்டர் பஞ்சர் ஆனது, எல்லாம் பற்றுப் பக்கத்தில் உடனே ஏறிவிடும். வரவுப் பக்கம் மட்டும் வெள்ளையாகவே கிடக்கும்.

போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உச்சிப்படிப்பு முடிந்து, அன்னதர்மம் முடிந்து, நானும் வீட்டுக்காரியும் மகனும் வெயிலில் நடந்தே வீடு வந்தோம். எங்கள் வீடு இரண்டாவது மாடி. இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு அந்தக் கதவில் இருக்கிறது. சட்டைப் பையில் கையை விட்டால் சாவி இல்லை. வேட்டி மடிப்பில் இல்லை. துணிப்பையைக் கவிழ்த்துப் பார்த்தோம். நாமக்கட்டி, தலைப்பாகைத் துணி, இரண்டு வாழைப்பழம், வெற்றிலை, அவ்வளவுதான் இருந்தது. மகனைத் தாங்கலுக்குத் திருப்பி ஓடவைத்தேன். அவன் பாய்க்கு அடியில், அண்டாவுக்குள், செருப்பு விடும் இடம் வரை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தான். மாற்றுச் சாவி ஆவடியில் மகள் வீட்டில். அவர்கள் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்காகத் திருவள்ளூர் போயிருந்தார்கள். சாவி செய்கிறவருக்குப் போன் போட்டால், "ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி, சாப்பிட்டுட்டு வரேன், ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அய்யாவின் கண்ணாடிக்கு முன் தலைப்பாகையோடு நின்ற அதே மனிதன்தான், மாடிப்படியில் நின்றுகொண்டு பூட்டைத் திட்டினேன், பூட்டை மாட்டியவனைத் திட்டினேன், கடைசியில் வீட்டுக்காரியையும் இரண்டு வார்த்தை சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. தூக்குவாளியைப் படியில் வைத்து, "உட்காருங்க" என்றாள். வீட்டுக்கு எடுத்து வந்த அன்னதர்மச் சோறு அதில் இருந்தது. மூன்று பேரும் படியில் வரிசையாக உட்கார்ந்தோம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மகனும் நானும் நாலைந்து மாதமாகச் சரியாகப் பேசிக்கொண்டது கிடையாது. சண்டை என்று ஒன்றும் இல்லை. அவன் காலையில் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவான், இரவு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். கேட்டால் ஒரு வார்த்தை பதில். மாதம் பிறந்தால் அம்மா கையில் 10,000 ரூபாய் கொடுத்துவிடுவான். பிள்ளை பொறுப்பாக இருக்கிறான், அவனை ஏன் நோண்ட வேண்டும் என்று நானும் கடை உண்டு நான் உண்டு என்று இருந்துவிட்டேன். அன்றைக்கும் சாவி இருந்திருந்தால் அவன் நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்பான், நான் பாயை விரித்துத் தூங்கியிருப்பேன்.

படியில் உட்கார்ந்திருந்தபோது அவன் போன் அடித்தது. கட் பண்ணினான். மறுபடி அடித்தது. மறுபடி கட் பண்ணினான். பத்து நிமிடத்தில் ஏழு தடவை. வீட்டுக்குள் என்றால் எனக்குக் கேட்டிருக்காது. ஒரே படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கேட்காமல் இருக்கும்? "யாருல மக்கா அது?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா தோளில் கை வைத்ததும் உடைந்துவிட்டான்.

வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்தது. எங்களிடம் சொல்லப் பயந்து, தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, திருமங்கலம் மெட்ரோ பக்கமும் பூங்காவிலும் உட்கார்ந்துவிட்டு இரவு வருவானாம். மாதா மாதம் அம்மா கையில் கொடுத்த பணம் சம்பளம் இல்லை. போனில் வரும் கடன் ஆப்பில் வாங்கிய பணம். ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மற்றொன்று என்று நாலு ஆப். வாங்கியது 62,000. அவர்கள் கேட்பதோ அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். "உன் போட்டோவை அசிங்கமாக மாற்றி உன் போனில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்புவோம்" என்று மிரட்டியிருக்கிறார்கள். "அப்பாவோட கடைக்கு வர்றவங்க நம்பரெல்லாம் என் போன்லதான்ப்பா இருக்கு" என்று அழுதான். அதோடு நிற்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் மனது எங்கெங்கே போய் வந்தது என்பதையும் சொன்னான். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குப் புரியும். மகப்பேறு என்ற சொல்தான் முகப்பேர் ஆனது என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு, பெற்ற பிள்ளையை இழக்க இருந்தேன், அது எனக்குத் தெரியவே தெரியாது.

இதைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கட்டிப்பிடித்தேன் என்று எழுதினால் பொய். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். என் குரல் கடைத்தெருக் குரல், நாலு வீட்டுக்குக் கேட்கும். திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் அது மாடிப்படி. மேல்வீட்டுக் கதவு திறந்திருந்தது, கீழ்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மானம் போய்விடுமே என்ற பயத்தில்தான் நான் பேசாமல் இருந்தேன். அதில் புண்ணியம் ஒன்றும் கிடையாது. ஆனால் நான் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் மீதியையும் சொல்லி முடித்தான். அவன் சொல்லி முடித்தபோது எனக்குக் கோபம் இறங்கியிருந்தது. தூக்குவாளியைத் திறந்து மூன்று பேரும் ஒரே வாளியில் கைவிட்டுச் சாப்பிட்டோம். சாவிக்காரர் இரண்டு மணி நேரம் என்று சொல்லி, இரண்டரை மணி நேரம் கழித்து வந்தார். 700 ரூபாய் வாங்கினார். வாழ்க்கையில் கூலி பேரம் பேசாமல் நான் கொடுத்தது அன்றைக்குத்தான்.

அன்று மாலையே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிவு செய்தோம். இணைய மோசடிக்கு அரசு வைத்திருக்கும் உதவி எண் அது. உங்கள் வீட்டிலும் யாராவது இந்தச் சேற்றில் கால் வைத்திருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் கடை வாடிக்கையாளர்களில் தெரிந்த பத்து இருபது பேரிடம் நானே முந்திக்கொண்டு, "இப்படி ஏதாவது படம் வந்தால் அது பொய், அழித்துவிடுங்கள்" என்று சொன்னேன். இரண்டு பேருக்கு வந்தது. அவர்கள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எப்போதும்போல அரிசி வாங்கிப் போனார்கள். அதையும் வரவில் எழுத வேண்டும்.

இப்போது அன்பர்கள் சிலர் கேட்பீர்கள்: "நீங்கள் ஞாயிறுதோறும் பணிவிடை செய்கிறீர்கள், அதனால்தான் அய்யா சாவியை ஒளித்து வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றினார், இல்லையா?" நானும் முதல் இரண்டு நாள் இப்படித்தான் நினைத்தேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு யோசித்தேன். அய்யா காணிக்கை வேண்டாம் என்றார், காவடி வேண்டாம் என்றார், பலி வேண்டாம் என்றார். கொடுத்து வாங்குகிற வியாபாரத்தையே சாமி காரியத்திலிருந்து எடுத்துப் போட்டவர் அவர். நான் கழுவிய அண்டாவுக்குக் கூலியாக என் மகனைக் கொடுத்தார் என்று சொன்னால், பின்வாசல் வழியாகக் காணிக்கையை உள்ளே கொண்டுவருகிறேன் என்றுதானே அர்த்தம்? வியாபாரி எனக்கே அது கூசுகிறது.

இன்னொன்றும் உண்டு. "நான் பஸ்ஸைத் தவறவிட்டேன், அந்த பஸ் விபத்தில் மாட்டியது, அய்யா என்னைக் காப்பாற்றினார்" என்று ஒருவர் சொல்லும்போது நாம் எல்லோரும் மெய்சிலிர்க்கிறோம். நானும் சிலிர்த்தவன்தான். ஆனால் அவர் விட்ட சீட்டில் வேறொருவர் உட்கார்ந்திருப்பாரே, அவர் யார் பிள்ளை? அவரும் அய்யாவின் பிள்ளைதானே? இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை. நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் தாங்கலுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரு சகோதரியின் கணவர் சில வருடங்களுக்கு முன் சாலை விபத்தில் தவறிவிட்டார். சின்ன வயது. இரண்டு பிள்ளைகள். மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அய்யா ஒரு நன்மைக்குத்தான்மா செஞ்சிருப்பார்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தது. அதற்குப் பிறகு 14 மாதம் தாங்கல் பக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரி மட்டும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அங்கே போவாள். எதுவும் சொல்ல மாட்டாள். துவைத்த துணியை மடித்துக் கொடுப்பாள், பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடுவாள், திரும்பி வந்துவிடுவாள். "என்ன பேசினீங்க?" என்று கேட்டால், "ஒண்ணும் பேசல" என்பாள்.

ஏட்டில் நாம் வருடா வருடம் படிக்கிற இடத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். மகன் ஒரு வருடமாகப் படுக்கையில். கனவில் வந்த வாக்கை நம்பி, தாய் வெயிலாள் அவரைத் தூக்கச் செய்து திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டு போகிறாள். வழியில் எழுந்து நடந்த மகன் கடலில் இறங்குகிறார், காணவில்லை. கூட வந்தவர்கள் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்தத் தாய் மட்டும் கரையில் இருக்கிறாள். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, அதாவது 1833 மார்ச்சில், அய்யா வைகுண்டராக எழுந்து வந்ததை நாம் அவதார நாளாகக் கொண்டாடுகிறோம். நமக்கு முடிவு தெரியும், அதனால் முதல் நாளையே சந்தோஷமாகப் படிக்கிறோம். கரையில் உட்கார்ந்திருந்த தாய்க்கு அது தெரியுமா? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கடலும் இருட்டும்தான். அந்த முதல் நாள் இரவில் என்னைப் போல ஒருவன் போய், "இதெல்லாம் நல்லதுக்குத்தான் தாயே" என்று சொல்லியிருந்தால் அவள் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். தூற்றுவதுதான் நியாயம். அந்த இரவில் அவளுக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

அய்யாவைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். சுண்ணாம்புச் சூளையிலும் வத்தல் புகையிலும் சோதித்தார்கள், புலிக் கூண்டில் விட்டார்கள். இத்தனையையும் பொறுத்தார். அந்தச் சிறை நல்ல இடம் என்று அய்யா எங்கும் சொன்னதாக நான் படித்ததில்லை. பொறுத்துக்கொள்வது வேறு, கொடுமைக்கு நல்ல பெயர் வைப்பது வேறு.

அந்தச் சகோதரி ஒரு மாசி 20 அன்று திரும்பி வந்தார். நான் அண்டா கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து நின்றார். எனக்குக் கை நடுங்கியது. "மன்னிச்சுக்கம்மா, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவர் சொன்னது: "நீங்க சொன்னதை நான் அய்யாகிட்டயே கேட்டுட்டேன் அண்ணாச்சி. என்ன நன்மைன்னு கேட்டேன். பதில் வரல. ஆனா அக்கா வந்தாங்கல்ல, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. அது வந்துச்சு." சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் நாரை எடுத்துப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். என் வீட்டுச் சங்கடத்தில் அய்யாவின் கிருபையைத் தேடும் உரிமை எனக்கு உண்டு. அடுத்தவர் வீட்டுச் சங்கடத்தில் தேட எனக்கு உரிமை இல்லை. அவர்களே கண்டுபிடித்துச் சொன்னால் கைகூப்பிக் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டால் துணி மடித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

என் வீட்டிலும் எல்லாவற்றிலும் கிடைத்துவிடுகிறது என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில் கடைக்குள் முழங்கால் தண்ணீர். கீழ் வரிசையில் இருந்த 11 மூட்டை அரிசி ஊறிப் புளித்து, வாசல் வரை நாற்றம். கடனுக்கு வாங்கிய சரக்கு. அதில் என்ன கிருபை என்று நானும் வீட்டுக்காரியும் எத்தனையோ நாள் தேடிப் பார்த்தோம். இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைக்காததைக் கிடைத்தது என்று அய்யா முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது. பற்றுப் பக்கத்தில் அது அப்படியே நிற்கிறது.

சாவி தொலைந்த ஞாயிற்றுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சாயங்காலம் விளக்கு வைத்து உகப்படிப்பு சொன்ன பிறகு, கடையில் மீந்த பழைய பற்று நோட்டு ஒன்றை வீட்டுக்காரி எடுப்பாள். அன்றைக்கு என்ன தப்பிப் போனது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். இடது பக்கம் எழுதுவாள். வலது பக்கத்துக்கு ஏதாவது இருந்தால் எழுதுவாள், இல்லாவிட்டால் கோடு போடுவாள். கோடுகள்தான் அதிகம். சில நாள் ஒரு வாரம் கழித்து, "அந்தக் கோட்டை அழிச்சுட்டு இதை எழுதும்மா" என்று மகன் சொல்வான். பாடிப் பாலத்தில் ஸ்கூட்டர் பஞ்சரான அன்று, பஞ்சர் ஒட்டியவர் பிரேக் கம்பி அறுந்துகொண்டிருந்ததைக் காட்டினார், அது அப்படி எழுதியதுதான். மிக்சி எரிந்துபோன அன்று, மோட்டார் தண்ணீர்த் தகராறில் இரண்டு வருடமாகப் பேசாத எதிர்வீட்டு அம்மாவிடம் தேங்காய் அரைக்கப் போக வேண்டியதாயிற்று. சட்னியோடு பேச்சும் வந்தது. இதெல்லாம் ஒரு அற்புதமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு நோட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

மகன் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குப் போகிறான். முன்பு வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. வீட்டு நகை ஒன்றை வைத்து, வாங்கிய அசலைக் கட்டினோம். அதை இன்னும் மீட்கவில்லை. காலை ஆறு மணிக்குக் கடையில் என்னோடு பால் கவர் எண்ணிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறான். இரவில் அறைக் கதவைச் சாத்துவதில்லை. பேசிக்கொண்டே இருக்கிறான் என்று சொல்ல மாட்டேன், அவன் சுபாவம் அப்படி இல்லை.

சாவி கிடைத்த கதையையும் சொல்லி முடித்துவிடுகிறேன். அதற்கு அடுத்த ஞாயிறு தாங்கலில், உள்ளே போவதற்கு முன் தலைப்பாகை கட்டிக்கொள்ளத் துணியை எடுத்து உதறினேன். தரையில் 'டிங்' என்று ஒரு சத்தம். போன வாரம் தலைப்பாகையை அவிழ்த்து மடிக்கும்போது, கையிலிருந்த சாவியையும் சேர்த்து மடித்திருக்கிறேன். இரண்டரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தபோது, என் மடியில் இருந்த பைக்குள்தான் அது இருந்திருக்கிறது. மகன் குனிந்து எடுத்து, "அப்பா, 700 ரூபா" என்றான். படிப்பு தொடங்கும் நேரம் என்றுகூடப் பார்க்காமல் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பெரியவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

வருகிற ஞாயிறு உச்சிப்படிப்புக்குப் பிறகு வழக்கம்போல அன்னதர்மம் உண்டு. காய் நறுக்க ஆள் இருக்கிறது. பாத்திரம் கழுவத்தான் இரண்டு பேர் குறைகிறார்கள். வருகிறவர்கள் பின்பக்கம் குழாயடிக்கு வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன்.

அய்யா உண்டு.